சின்னத் தட்டின் சக்தியும் எல்லையும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கையிலும் சட்டைப் பையிலும் வைத்துக்கொள்ளும் கருவிகளுக்குள்ளே ஒரு காலத்தில் சுழன்றுகொண்டிருந்த மிகச் சிறிய ஹார்டு டிஸ்க்குகளைப் பற்றியதாகும். கூட்டம் போட்டுப் பேசுவதற்கு இவ்வளவு சிறிய சாமான்தானா அகப்பட்டது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். உங்கள் வீட்டுக் கலியாணப் படங்களும், பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களும், நிலப் பத்திரத்தின் நகலும், செத்துப்போன தகப்பனாரின் குரலும் இன்று எங்கே இருக்கின்றன? மரப்பெட்டியிலா, பரணிலா? ஏதோ ஒரு தட்டிலோ ஒரு சில்லிலோ அல்லவா இருக்கின்றன? அப்படிப்பட்ட சாமானை விற்கிறவன் அதன் சக்தியை மாத்திரம் சொல்லுகிறான். அதன் எல்லையை அவன் சொல்லுவதில்லை. அது கெட்டுப்போன பிறகுதான் நமக்கு எல்லை தெரிகிறது. ஆகையால் இரண்டையும் முன்னதாகவே தெரிந்துகொள்ளவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

தட்டு எப்படி வேலை செய்கிறது?

கிராமபோன் தட்டு சுழலுகிறது, ஊசி அதன் கீற்றில் உரசிக்கொண்டு போகிறது, பாட்டுக் கேட்கிறது. ஹார்டு டிஸ்க்கும் சுழலுகிற தட்டுத்தான். ஆனால் அதில் உரசல் கிடையாது. அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ செய்த தட்டின்மேல் காந்தத்தை ஏற்கும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. அந்தப் பூச்சில் பொடிப் பொடியான இடங்களை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ காந்தமாக்கி வைப்பதுதான் எழுதுவது. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பதுதான் படிப்பது. எழுதிப் படிக்கும் உறுப்புக்குத் ‘தலை’ என்று பெயர். தட்டு சுழலும்போது கூடவே இழுபடும் காற்று அந்தத் தலையைத் தூக்கிக்கொள்ளுகிறது. தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி நமது தலைமயிர் ஒன்றின் கனத்தில் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவு. தலை எவ்வளவு நெருங்கிப் பறக்கிறதோ அவ்வளவு பொடியாக எழுதலாம். இந்த இடைவெளியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

அறையளவிலிருந்து நாணயமளவுக்கு

1956-ம் வருஷத்தில் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. அதன் எடை ஏறக்குறைய ஒரு டன். அவ்வளவு பெரிய யந்திரத்தில் அடங்கியதோ 50 லட்சம் எழுத்துக்கள்தான். இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது சரியாய்ப் போய்விடும்.

பிறகு தட்டு சிறுத்துக்கொண்டே வந்தது. 1980-ல் ஐந்தேகால் அங்குலம், 1983-ல் மூன்றரை அங்குலம், 1988-ல் இரண்டரை அங்குலம், 1991-ல் 1.8 அங்குலம் என்று இறங்கி, 1992-ல் ஹியூலெட் பாக்கார்டு கம்பெனி 1.3 அங்குலத் தட்டு ஒன்றைச் செய்தது. 1999-ல் ஐ.பி.எம். கம்பெனி ‘மைக்ரோடிரைவ்’ என்ற ஒரு அங்குலத் தட்டைக் கொண்டுவந்தது. அதன் எடை 16 கிராம். அடக்கம் 340 மெகாபைட். கேமராக்களில் மெமரி கார்டு சொருகுவதற்கென்று இருந்த பொந்திலேயே சொருகிக்கொள்ளும்படி அதைச் செய்திருந்தார்கள். 2004-ல் டோஷிபா கம்பெனி 0.85 அங்குலத் தட்டை அறிவித்தது. உலகத்திலேயே மிகச் சிறிய ஹார்டு டிஸ்க் என்று அது கின்னஸ் புத்தகத்தில் ஏறிற்று.

இது ஏதோ மாயமல்ல. காந்த நிலை மாறும்போது மின்சாரத்துக்கு ஏற்படும் தடை வெகுவாக மாறும் ஒரு குணத்தை 1988-ல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட் என்பவரும், ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க் என்பவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதைக்கொண்டு செய்த தலைகள் மிக மிக மெல்லிய காந்தத்தையும் படித்தன. 1997-ல் அப்படிப்பட்ட தலைகளோடு ஹார்டு டிஸ்க்குகள் விற்பனைக்கு வந்தன. அவ்விருவருக்கும் 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது. சின்னத் தட்டு சாத்தியமானதற்குக் காரணம் இந்த மாதிரி மனித முயற்சிகளேயாகும்.

சின்னத் தட்டு செய்த நன்மை

சின்னத் தட்டினால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். 1998-ல் வந்த சில்லுப் பாட்டுக் கருவிகளில் 32 மெகாபைட்தான் கொள்ளும். ஒரு மணி நேரத்துப் பாட்டைப் போட்டால் நிறைந்துபோகும். 2001-ம் வருஷம் அக்டோபர் மாதம் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட ஐபாடில் டோஷிபாவின் 1.8 அங்குலத் தட்டு இருந்தது. அதில் 5 ஜிகாபைட், அதாவது ஆயிரம் பாட்டுக்கள் அடங்கின. அந்த அளவைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத் தட்டைத் தவிர வேறு மலிவான வழி அன்று இல்லை.

அதில் இன்னொரு யுக்தியும் இருந்தது. தட்டு ஓயாமல் சுழன்றால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆதலால் வரப்போகும் பல நிமிஷத்துப் பாட்டை ஒரே மூச்சில் படித்து, 32 மெகாபைட் சில்லில் போட்டுவிட்டுத் தட்டு நின்றுவிடும். கிணற்றடியிலேயே நின்று ஒவ்வொரு வாயாக இறைத்துக் குடிப்பதை விட்டு, ஒரு குடம் மொண்டு வைத்துக்கொள்வதைப் போன்றது இது. 2004-ல் வந்த ஐபாட் மினிக்குள்ளும், 2006-ல் விற்பனைக்கு வந்த நோக்கியா என்91 கைப்பேசிக்குள்ளும் ஒரு அங்குலத் தட்டே சுழன்றது.

எல்லை எங்கே?

நிற்க, எல்லைகளைப் பற்றிப் பார்ப்போம்.

முதலாவது, கீழே விழுவது. மேஜைமேல் இருக்கும் யந்திரம் நகராது. கையிலிருக்கும் கருவி ஓடும், குலுங்கும், விழும். சுழலும் தட்டில் தலை இடித்தால், நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த இடைவெளி என்னவாகும்? பூச்சு சுரண்டப்படும், எழுதினது போய்விடும். ஒரு அங்குலத் தட்டு நிமிஷத்துக்கு 3,600 சுற்றுச் சுற்றுகிறது. அதன் ஓரம் சைக்கிளில் வேகமாகப் போகிறவனுடைய வேகத்தில் ஓடுகிறது. தட்டு நின்றிருக்கும்போது தலையைத் தட்டைவிட்டு வெளியே ஏற்றி நிறுத்துவது போன்ற பந்தோபஸ்துகளைச் செய்தார்கள். அவை ஆபத்தைக் குறைத்தன, போக்கிவிடவில்லை.

இரண்டாவது, காற்று. தலையைத் தாங்குவது காற்றேயாகையால், காற்று மெலிந்த இடத்தில் தாங்கும் சக்தியும் குறைகிறது. இப்படிப்பட்ட தட்டுகளைச் சாதாரணமாகப் பதினாயிரம் அடி உயரத்துக்குள்தான் ஓட்டலாம் என்று செய்தவர்களே வரம்பு கட்டினார்கள்.

மூன்றாவது, பரப்பு. தட்டின் விட்டம் பாதியானால் எழுதும் இடம் பாதியாவதில்லை, காலாகிவிடுகிறது. 1.8 அங்குலத்திலிருந்து 0.85 அங்குலத்துக்கு இறங்கியபோது, பரப்பில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு போய்விட்டது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எல்லை விலையாகும். இடம் காலானால் விலையும் காலாகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஆகாது, தோழர்களே! ஒரு மாட்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மூட்டை ஏற்றினாலும் இரண்டு மாடு, ஒரு வண்டிக்காரன், இரண்டு சக்கரம், ஒரு அச்சு. ஒரே மூட்டை ஏற்றினாலும் அதே மாடு, அதே ஆள், அதே சக்கரம், அதே அச்சு. வண்டியின் தட்டைக் காலாக வெட்டிவிட்டால் மாட்டுக்குத் தீனி காலாகிவிடுமா? ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான். மோட்டார், தலை, தலையை ஆட்டும் கை, மின்சுற்று, தூசி புகாத மூடி ஆகியவையெல்லாம் தட்டு பெரிதானாலும் வேண்டும், சிறிதானாலும் வேண்டும். ஆகவே ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கீழே அதைக் கொடுக்கவே முடியாது. 1992-ல் வந்த 1.3 அங்குலத் தட்டுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அது மூன்றடி உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும்படி செய்யப்பட்டிருந்தது. என்ன பயன்? ஏறக்குறைய 250 டாலர் விலையில் அதை வாங்குவதற்குப் போதிய ஆட்கள் இல்லை. 1994-ல் அது நின்றுபோயிற்று.

வண்டியும் தலைச்சுமையும்

சின்னத் தட்டை வென்ற ‘ஃபிளாஷ்’ என்னும் சில்லோ தலைச்சுமை ஆளைப் போன்றது. ஒரு மூட்டைக்கு ஒரு ஆள், இரண்டு மூட்டைக்கு இரண்டு ஆள். பாதிச் சில்லுக்கு ஏறக்குறையப் பாதி விலை. அதில் மோட்டார் இல்லை, சுழலுகிறது ஒன்றுமில்லை, விழுந்தால் இடிப்பதற்குத் தலையும் இல்லை. இதைக் கண்டுபிடித்த ஃபுஜியோ மசுவோகா என்பவர் எந்தக் கம்பெனியில் வேலை செய்தார் தெரியுமா? டோஷிபாவில்தான்! 1984-லும் 1987-லும் அவர் வெளியிட்ட அந்தச் சில்லு, அதே கம்பெனி பிற்பாடு செய்த உலகத்திலேயே சின்னத் தட்டைச் சந்தைக்கு வேண்டாததாக்கிவிட்டது. சில்லு விலை இறங்க இறங்க, 2005-ம் வருஷம் செப்டம்பர் மாதம் நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஐபாட் மினியையே நிறுத்திவிட்டு, ஆப்பிள் கம்பெனி சில்லு வைத்த ஐபாட் நானோவைக் கொண்டுவந்தது. 1.8 அங்குலத் தட்டு வைத்த ஐபாடும் 2014-ல் நின்றுபோயிற்று.

அப்படியானால் தட்டு செத்துப்போயிற்றா என்று சிலர் கேட்கலாம். இல்லை. நூறு மூட்டையைத் தலைச்சுமையாக அனுப்பினால் கூலி கட்டுமா? அங்கே வண்டிதான் வேண்டும். உலகத்தாரின் படங்களும் எழுத்துக்களும் சேர்ந்து கிடக்கும் பெரிய கிடங்குகளில் இன்றும் மூன்றரை அங்குலத் தட்டுகள் லட்சக்கணக்கில் சுழலுகின்றன. ஒரே தட்டுப்பெட்டியில் 30,000 ஜிகாபைட் கொள்ளும்படி செய்கிறார்கள். பெரிய சுமையில் ஜிகாபைட்டுக்கு ஆகும் செலவு சில்லைவிடத் தட்டில் குறைவு. ஆகவே தட்டு தோற்றது சட்டைப் பையில்தானே தவிர, கிடங்கில் அல்ல. தட்டு உயர்ந்ததா, சில்லு உயர்ந்ததா என்று பொதுவாகக் கேட்பது வீண் கேள்வி. எந்த வேலைக்கு, எவ்வளவு சுமைக்கு, எவ்வளவு செலவில் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

நாம் செய்யவேண்டியது

கடைசியாக உங்கள் வீட்டுக் காரியத்துக்கு வருவோம். கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகும் இரண்டரை அங்குல வெளித்தட்டுகள் இன்றும் விற்கின்றன. அவற்றுக்கும் நாம் சொன்ன எல்லை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது அசைக்காதீர்கள், பிடுங்குவதற்கு முன் நிறுத்துங்கள். சில்லுக்கு எல்லை இல்லையென்றும் நினைத்துவிடாதீர்கள். சில்லில் எழுதி எழுதி அழிப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் பூட்டிவைத்தால், அதில் அடைத்துவைத்த மின்சாரம் கொஞ்சங்கொஞ்சமாகக் கசிந்து எழுதினது கெட்டுப்போகவும் கூடும். ஆகவே ஒரே சாமானை நம்பி ஒரே நகலை வைக்காதீர்கள். இரண்டு நகல் வையுங்கள். இரண்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். வருஷத்துக்கொரு தடவையாவது திறந்து பாருங்கள். பழசாகிவிட்டால் புதியதற்கு மாற்றுங்கள். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. விதை நெல்லைப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு இதுவும் தெரியும்.

நாம் சொன்னோம் என்பதற்காக இவற்றை நீங்கள் ஏற்றுக்கொள்ளவேண்டியதில்லை. வீட்டுக்குப் போய், உங்கள் படங்களும் பத்திரங்களும் எதில் இருக்கின்றன, எத்தனை நகல் இருக்கின்றன என்று இன்றிரவே எண்ணிப் பாருங்கள். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதென்று கண்டால், இவ்வளவு நேரம் நாம் பேசியது வீணா, பிரயோஜனமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.