சட்டத்தரணியின் கடமையும் கட்சிக்காரரின் உரிமையும்

(நூற்றாண்டு விழாவையொட்டி எமது பழைய மாணவிகள் சங்கம் நடத்திய கருத்தரங்கில், சட்டத்தரணியாகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



“உங்கள் தொழிலிலிருந்து நம் பெண்களுக்குப் பயன்படும் ஏதாவது பேசுங்கள்” என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். என் தொழிலின் பெருமைகளைப் பேசலாம். அதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் தோட்டத்துப் பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “மிஸ், காசு குடுத்தாச்சு. லோயர் ஒண்ணும் செய்யல்ல. இத யாருகிட்ட போய்ச் சொல்றது?” அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல விரும்புகிறேன்.

மலையகத்தில் கடதாசிக்கும் தவணைக்கும் உள்ள வலிமையை நம் முன்னோர் பட்டு அறிந்தவர்கள். ஒரு காலத்தில் “துண்டு” என்ற ஒரு சிறு கடதாசி இல்லாமல் தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்பதே அதில் எழுதியிருக்கும். 1921இல் தான் அது சட்டப்படி ஒழிந்தது. பிறகு 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதையடுத்து 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க இரண்டு வருடம் தரப்பட்டது. 1951 ஓகஸ்ட் 5ஆம் திகதியோடு கதவு மூடியது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்ததோ சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. இத்தனை ஆண்டு தொடர்ந்து வசித்தேன் என்று கடதாசியால் நிரூபிக்க முடியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். தனக்காக எழுதுபவர் சரியாக எழுதினாரா, நேரத்துக்குக் கொடுத்தாரா என்பது நமக்கு வெறும் அலுவலகக் காரியமாக ஒருநாளும் இருந்ததில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். கொழுந்தெடுக்கும் ஒரு தாய் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். வழமையாக இப்படியான விடயங்களைத் தொழிற்சங்கமே தொழில் நியாயசபைக்குக் கொண்டுபோகும். இவர் சந்தாவை நிறுத்தியிருந்தபடியால் தனியாக ஒரு சட்டத்தரணியிடம் போனார். பணமும் கட்டினார். போகும்போதெல்லாம் “தவணை போட்டிருக்கு” என்ற பதில்தான் கிடைத்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என்னிடம் வந்தார். வழக்கு இலக்கத்தைக் கேட்டேன், தெரியவில்லை. பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தோம். அப்படி ஒரு விண்ணப்பமே அங்கு இல்லை. வேலை நீக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

பற்றுச்சீட்டும் இல்லை. ஆனால் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த மகள், தாயோடு டவுனுக்குப் போன ஒவ்வொரு நாளையும், கொடுத்த பணத்தையும், லோயர் சொன்ன பதிலையும் அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். அந்தக் கொப்பியை வைத்து ஒரு கடிதம் எழுதினோம். கட்டிய பணம் திரும்பி வந்தது. முறைப்பாட்டை மேலே கொண்டுபோக அந்தக் குடும்பம் விரும்பவில்லை. கொழும்புக்குப் போய்வர இன்னும் எத்தனை நாள் சம்பளத்தை இழப்பது என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இழந்த வழக்கு இழந்ததுதான். இப்படியான முறைப்பாடுகள் பல ஏன் கொழும்பை எட்டுவதில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1974 முதல் அட்வகேட், புரொக்டர் என்ற பிரிவு இல்லை, எல்லோரும் சட்டத்தரணிகளே. சட்டத்தரணியாகச் சேர்ப்பதும் நீக்குவதும் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தின் அதிகாரம். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, ஏமாற்று, தொழில்முறைகேடு, குற்றம் ஆகியவற்றைச் செய்த சட்டத்தரணியைத் தொழிலிலிருந்து இடைநிறுத்தவோ பெயரை நீக்கவோ இடமளிக்கிறது. மூன்று நீதியரசர்கள் சேர்ந்திருந்து அதைத் தீர்மானிப்பார்கள். அதற்கு முன் குற்றச்சாட்டின் பிரதியைக் கொடுத்து, விளக்கமளிக்க அவகாசமும் கொடுக்க வேண்டும். எங்கள் தொழிலுக்கும் நியாயம் வேண்டுமல்லவா?

இதற்கு மேலாக, 1988இல் உயர் நீதிமன்றம் சட்டத்தரணிகளின் நடத்தைக்கும் ஒழுக்கத்துக்கும் விதிகள் வகுத்தது. ஏற்றுக்கொண்ட வேலையைத் தன் திறமைக்கு ஏற்ப, அக்கறையோடு செய்ய வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. நல்ல பெயருள்ள சக சட்டத்தரணிகள் வெட்கப்படக்கூடிய காரியத்தைச் செய்யக்கூடாது என்பதும் அதில் உண்டு. ஆகவே ஒரு சட்டத்தரணி உங்கள் வழக்கைக் கவனிப்பது உங்களுக்குச் செய்யும் தயவு அல்ல. அது அவருடைய கடமை.

இங்கே ஒரு வேறுபாட்டை நன்றாக மனதில் கொள்ள வேண்டும். வழக்குத் தோற்றது குற்றம் அல்ல. இரு பக்கத்துக்கும் சட்டத்தரணி இருக்கிறார்; ஒருவர் தோற்றுத்தான் ஆக வேண்டும். நாம் விரும்பாத ஆலோசனையைச் சொன்னதும் குற்றம் அல்ல. பல வேளைகளில் அதுதான் நல்ல ஆலோசனை. ஆனால் பணம் வாங்கிவிட்டு வழக்கே போடாமல் இருப்பது, போட்டேன் என்று பொய் சொல்வது, தவணைக்கு வராமல் விட்டு வழக்கைத் தள்ளுபடியாக விடுவது, எதிர்த்தரப்பிலிருந்து வந்த நட்டஈட்டுப் பணத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வது, கேட்ட பத்திரங்களைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது ஆகியவற்றைத் தோல்வி என்று சொல்ல முடியாது. பணத்தைக் கையாடினால் அது நம்பிக்கை மோசடி. குற்றவியல் சட்டமும் வந்து சேரும்.

முறைப்பாட்டை எழுத்தில் செய்ய வேண்டும். நடந்தவற்றைத் திகதி வரிசையில் எழுதி, சத்தியக் கடதாசியால் உறுதிப்படுத்தி, கையிலுள்ள ஆவணங்களின் பிரதிகளை இணைக்க வேண்டும். இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத்துக்கு எழுதலாம், சங்கம் விசாரிக்கும். ஆனால் சங்கத்தால் ஒருவரின் பெயரை நீக்க முடியாது. அந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கே உண்டு. அங்கும் நேரடியாக முறையிடலாம். குற்றச்சாட்டு பாரதூரமானது என்பதால் சான்றும் வலுவாக இருக்க வேண்டும். ஆத்திரத்தில் எழுதிய நாலு பக்கத்தைவிடத் திகதியோடு எழுதிய நாலு வரி பெறுமதியானது.

தண்டனை பற்றி யோசிக்க வைக்கும் ஒரு வழக்கு கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் நடந்தது. காது கேளாத 70 வயது முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் 15,000 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்குமான இரண்டு பிரோநோட்டுகளை ஒரு வழக்கறிஞரிடம் ஒப்படைத்தார்கள். அவர் வழக்குப் போடவில்லை. போட்டதாக நம்ப வைத்தார். மாநில வழக்கறிஞர் மன்றம் அவரை 6 வருடம் இடைநிறுத்தியது. அகில இந்திய மன்றம் அதை ஒரு வருடமாகக் குறைத்தது. 1978 ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர் ஒரு புதிய வழி சொன்னார். வெறுமனே வீட்டில் இருத்துவதை விட, பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்கட்டும், ஏழைகளுக்கான இலவசச் சட்ட உதவியில் ஒரு வருடம் உழைக்கட்டும் என்பதே அது. கூட இருந்த நீதியரசர் ஏ. பி. சென் இதற்கு உடன்படவில்லை. சட்டத்தில் சொல்லப்பட்ட தண்டனையைத்தான் விதிக்கலாம் என்பது அவர் நிலைப்பாடு.

யார் சரி என்று சட்ட மாணவர்கள் வாதாடட்டும். எனக்குப் படுவது இதுதான்: ஒழுக்காற்று நடவடிக்கை தொழிலைச் சுத்தப்படுத்தும், அடுத்து வருபவரைக் காப்பாற்றும். முன்னால் போனவரின் இழப்பை அது தானாக ஈடுசெய்யாது. எங்கள் 42ஆம் பிரிவு இடைநிறுத்தத்தையும் பெயர் நீக்கத்தையுமே சொல்கிறது. நட்டஈடு வேண்டுமானால் தனியாக வழக்குத் தொடர வேண்டும். ஆகவே முறைப்பாடு செய்யும் உரிமையை அறிந்திருப்பது பாதி. முறைப்பாட்டுக்குத் தேவை வராமல் பார்த்துக்கொள்வது மற்றப் பாதி.

அதற்குச் சில எளிய பழக்கங்கள் போதும். பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மூலப் பத்திரத்தைக் கொடுக்குமுன் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு இலக்கத்தையும் நீதிமன்றத்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இலக்கம் இருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கேட்டைப் பற்றி நீங்களே விசாரிக்கலாம். எழுதாத கடதாசியில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு மேன்முறையீடு செய்வதானால் 14 நாளில் அறிவித்தலும் 60 நாளில் மனுவும் கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சட்டத்தரணியை மாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு. நீதிமன்றத்தின் அனுமதியோடு பழைய பிரொக்சியை எழுத்தில் இரத்துச் செய்து புதியதைக் கொடுக்கலாம். பணவசதி இல்லாதவர்களுக்கு 1978இன் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

மொழியும் ஒரு தடையாக நிற்கிறது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் நீதிமன்றப் பதிவுகள் பெரும்பாலும் சிங்களத்தில்தான். தலையாட்டிவிட்டு வெளியே வந்து “என்ன சொன்னாங்க?” என்று ஒருவரையொருவர் கேட்கும் நம்மவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, விளங்காத மொழியில் நடக்கும் வழக்கில் மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையை நமக்குத் தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும், கேட்க வேண்டும்.

சகோதரிகளே, இந்தக் கல்லூரி நமக்கு எழுத்தைத் தந்தது. இங்கிருந்து போனவர்கள் ஆசிரியைகளாக, தாதிமாராக, கிராம அலுவலர்களாக, வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் இருக்கிறார்கள். லயத்து வீட்டுக்குப் பதிலாகக் காணியும் அதற்கு உறுதியும் என்ற பேச்சு வந்திருக்கும் காலம் இது. உறுதி வந்தால் பங்கு வரும், வழக்கு வரும், சட்டத்தரணி வாசலுக்கு நம் மக்கள் முன்னிலும் அதிகமாகப் போவார்கள். அவர்களோடு ஒருமுறை கூடப் போய் உட்காருங்கள். வாசித்துக் காட்டுங்கள். திகதியை எழுதிக் கொடுங்கள். முறைப்பாடு செய்யத்தான் வேண்டும் என்றால் பயப்படாமல் எழுத உதவுங்கள்.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டின் நினைவாக மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கல்லூரி மண்டபத்தில் ஒரு மேசை போடுவோம். கடிதம் வாசிக்க, விண்ணப்பம் நிரப்ப, வழக்குத் தவணையைக் குறித்துக் கொடுக்க நாலு பழைய மாணவிகள் இருந்தால் போதும். சட்ட விடயத்துக்கு நான் வருகிறேன். என் தொழில் தோழிகளையும் கூட்டி வருகிறேன். சட்டத்தரணிகளில் மிகப் பெரும்பாலோர் நேர்மையாக உழைப்பவர்கள். விபரம் தெரிந்த கட்சிக்காரரை அவர்கள் வெறுப்பதில்லை, விரும்புவார்கள்.