இசைக்குழுவும் மின்சாரமும்

கண்டி மாநகரில் எசலப் பெரஹரா வீதிவலம் வரும் இரவுகளில், முதல் யானை கண்ணுக்குத் தெரியுமுன்னரே பேரிகைகளின் முழக்கம் காதில் விழுந்துவிடுகின்றது. கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோவில் திருவிழாவில் எழும் தவிலோசையும் நாதசுர இசையும் அவ்வாறே பல வீடுகளைக் கடந்து செல்வன. இவற்றுக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. தோலும் மரமும், மனிதனுடைய கையும் மூச்சுமே போதும். பாடசாலைக் கலைவிழாக்களிலும் திருமண மண்டபங்களிலும் இளைஞர் விரும்பி இசைக்கும் மின்கிற்றாரும் பேஸ் கிற்றாரும் அவ்வாறானவை அல்ல. மின்சாரத்தை நிறுத்திவிட்டால் அவற்றின் நாதம் அடுத்த அறைக்கும் எட்டாது. அவற்றின் உடல் வாசிப்பவன் கையில் இருக்கிறது. குரலோ அம்பிளிபயர் என்னும் பெருக்கியிலும் ஒலிபெருக்கிப் பெட்டியிலும் இருக்கிறது. ஆதலால், மின்கிற்றார் வாங்குபவர் இசைக்கருவியோடு மின்சாதனம் ஒன்றையும் வாங்குகிறார் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். இசைக்கருவியைப் பிழையாகக் கையாண்டால் சுருதி கெடும். மின்சாதனத்தைப் பிழையாகக் கையாண்டால் உயிரே போகக்கூடும்.

கிற்றார் இலங்கைக்குப் புதியதன்று. பைலா இசையோடு அது நெடுங்காலமாகவே இந்நாட்டில் ஒலித்து வந்தது. மின்கிற்றார் அமெரிக்காவில் 1930களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. 1951ஆம் ஆண்டில் லியோ பெண்டர் என்பவர் பேஸ் கிற்றாரை மின்கருவியாக அமைத்து வெளியிட்டார். அதற்கு முன்னர் இசைக்குழுவின் தாழ்ந்த சுரங்களை, ஆளுயரத்துக்கு மேற்பட்ட பெரிய வயலின் போன்ற கருவியைக் கொண்டே எழுப்பினர். 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழு சிங்கள மெல்லிசையில் மின்கிற்றாருக்கு இடந்தேடிக் கொடுத்தது. தமிழிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசைப் பாடல்கள் கிற்றார் ஒலியை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றன. இன்று கம்பளை, நாவலப்பிட்டி முதலிய ஊர்களிலும் கிற்றார் பழகும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். அவர்களுக்குக் கருவி வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும், விழா மேடையை அமைக்கும் ஆசிரியரும் கோவிற் சபையாரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உண்டு.

முதலாவது, பேஸ் கிற்றாருக்கும் சாதாரண கிற்றாருக்கும் ஒரே பெட்டி போதுமா என்பது. சாதாரண கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கின்றது. பேஸ் கிற்றாரின் தாழ்ந்த தந்தி அதிற் பாதியாக 41 முறை அதிர்கின்றது. அதிர்வு பாதியாகக் குறையும்போது, அதே அளவு ஓசையை எழுப்ப ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசையவேண்டும். சாதாரண கிற்றாருக்கென அமைந்த கூம்பு இவ்வசைவைத் தாங்காது. முதலில் கரகரக்கும், பின்னர் அதன் சுருள் உரசும், ஈற்றில் கூம்பே கிழியும். எனவே, பேஸ் கிற்றாரைச் சாதாரண கிற்றார்ப் பெட்டியில் உரத்து வாசித்தல் கூடாது. மாறாக, சாதாரண கிற்றாரைப் பேஸ் பெட்டியில் வாசித்தால் தீங்கொன்றுமில்லை. இனிமை மட்டுமே சற்றுக் குறையும். ஒன்றே வாங்கப் பணமுள்ள பாடசாலை, பேஸ் பெட்டியை வாங்குதல் தக்கது.

இரண்டாவது, வாற்றுக் கணக்கு. நூறு வாற்றுக் கருவி ஐம்பது வாற்றுக் கருவியைப்போல் இருமடங்கு உரத்து ஒலிக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வலுவை இருமடங்காக்கினால் காதுக்குச் சிறிதளவு வேறுபாடே தெரியும். ஓசை இருமடங்காகத் தோன்றவேண்டுமாயின், வலுவை ஏறக்குறையப் பத்து மடங்காக்குதல் வேண்டும். ஆகவே, சிறிது கூடிய வாற்றுக்காகப் பெருந்தொகை செலவிடுவதைவிட, நல்ல ஒலிபெருக்கி பொருத்திய பெட்டியைத் தெரிந்தெடுப்பதே அறிவுடைமை. வீட்டில் பழகுவதற்கு இருபது வாற்று போதும். மேளக்கூட்டத்தோடு பாடசாலை மண்டபத்தில் பேஸ் வாசிக்க இருநூறு வாற்று அளவில் வேண்டியிருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலுள்ள சரச்சந்திர திறந்தவெளி அரங்கு போன்ற இடங்களில், தாழ்ந்த சுரங்களைத் திருப்பி அனுப்பச் சுவர்கள் இல்லை. அங்கே மேடைப் பெட்டி வாசிப்பவருக்கு மட்டுமே கேட்கப் போதும். அவையோருக்கான ஒலியைப் பொது ஒலிபெருக்கிகளே ஏற்கவேண்டும்.

மூன்றாவது, ‘ஓம்’ என்னும் தடையளவு. ஒவ்வொரு பெட்டியின் பின்புறத்திலும் 8 ஓம் அல்லது 4 ஓம் என்று குறித்திருக்கும். 8 ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் மொத்தத் தடை 4 ஓமாகக் குறைகிறது. 4 ஓம் பெட்டிகள் இரண்டை அவ்வாறு இணைத்தால் 2 ஓமாகிறது. தடை குறையக் குறையப் பெருக்கியிலிருந்து பாயும் மின்னோட்டம் கூடுகின்றது. பெருக்கியின் பின்புறத்தில் ‘குறைந்தது 4 ஓம்’ என்று எழுதியிருக்க, அதனோடு 2 ஓம் சுமையை இணைப்பது, ஒரு மாட்டு வண்டியில் இரண்டு வண்டிப் பாரத்தை ஏற்றுவது போன்றது. பழைய வால்வுப் பெருக்கிகளையோ பெட்டி இணைக்காமல் ஒருகணமும் இயக்குதல் ஆகாது. உள்ளிருக்கும் மின்மாற்றி எரிந்துபோகலாம். பெருக்கிக்கும் பெட்டிக்கும் இடையே கிற்றாருக்குரிய மெல்லிய வயரைப் பயன்படுத்துவதும் தவறு. அவ்விடத்துக்குத் தடித்த ஒலிபெருக்கி வயரே உரியது.

நான்காவது, கடல் கடந்து வரும் கருவிகள். ரொறன்ரோவிலிருக்கும் அண்ணன் தம்பிக்கு அன்போடு அனுப்பும் பெருக்கி 120 வோல்ற்றுக்கு அமைந்ததாக இருக்கலாம். யப்பானிலிருந்து வரும் பாவித்த பொருட்கள் 100 வோல்ற்றுக்குரியவை. இலங்கையில் வீடுகளுக்கு வரும் மின்சாரமோ 230 வோல்ற்று. பின்புறத் தகட்டைப் படியாமல் செருகியவர், ஆளியைப் போட்ட மாத்திரத்தில் புகையைக் காண்பார். வோல்ற்றைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்றை, பெருக்கி இழுக்கும் வலுவுக்கு மேற்பட்ட அளவில் வாங்கி இடையிலே வைத்தல் வேண்டும். கலஹா, தெல்தோட்டை போன்ற மலைப்பக்கங்களில் மின்கம்பி நெடுந்தூரம் ஓடி முடியும் இடங்களில், மாலை வேளையில் வோல்ற்றளவு தாழ்ந்துவிடுவதும் உண்டு. அப்போது பெருக்கியின் ஓசை மங்குவது பெருக்கியின் குற்றமன்று.

கருவியைத் தெரிந்தெடுக்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்கலாகாது. கிற்றாரின் கழுத்தை அதன் நுனியிலிருந்து நீளப்போக்கில் நோக்கினால், அது நேராக உள்ளதா, முறுகியுள்ளதா என்பது புலப்படும். வீணையில் நாம் மெட்டு என்பதுபோன்ற உலோகப் பட்டைகள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தந்தியையும் மீட்டிப் பார்க்கவேண்டும். எங்கேனும் தந்தி உரசி ஒலித்தால் காரணத்தைக் கேட்கவேண்டும். கண்டியின் ஈரக்காற்றில் மரம் சிறிது பருத்துக் கழுத்து வளைதல் இயல்பே. கழுத்தினுள் இருக்கும் இரும்புக் கோலைக் காற்சுற்று மாத்திரம் திருப்பி, ஒருநாள் பொறுத்துப் பார்ப்பது முறை. வாசித்து முடிந்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்தால் துரு ஏறுவது தாமதிக்கும். திருகு குமிழ்கள் கரகரத்தால் அதற்கென விற்கும் துப்புரவுத் தெளிப்பானையே பயன்படுத்தல் வேண்டும். தேங்காயெண்ணெய் விடுவோரும் உண்டு. அது தூசியைச் சேர்த்து நோயை முற்றச் செய்யும்.

இனி, பழுது காணும் முறை. ஓசை வரவில்லையெனில் உடனே பெருக்கியைக் கழற்றத் தொடங்குதல் பேதைமை. மருத்துவர் நாடி பிடிப்பதுபோல, தந்தியிலிருந்து ஒலிபெருக்கி வரையில் ஒவ்வொரு படியாகப் பார்த்துச் செல்லவேண்டும். முதலில் வயரை மாற்றிப் பார்க்க. மிகுதியும் குற்றவாளி அதுவே. அடுத்து வேறொரு கிற்றாரைச் செருகிப் பார்க்க. பேஸ் கிற்றார் சிலவற்றின் உள்ளே 9 வோல்ற்று மின்கலம் உண்டு. அது தீர்ந்திருந்தாலும் ஓசை நலிந்து மறையும். அதன் பின்னரே பெட்டியையும், ஈற்றிலே பெருக்கியையும் ஐயுறவேண்டும். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றினால் குற்றம் எங்கே என்பது தானாக வெளிப்படும். பெருக்கியைத் திறப்பதோ பயின்றவர் வேலை. வால்வுப் பெருக்கிகளின் உள்ளே, செருகியைக் கழற்றிய பின்னரும் பல நூறு வோல்ற்று மின்னேற்றம் தங்கியிருக்கும்.

பழுதுகளுள் மக்களை மிகவும் தொல்லைப்படுத்துவது ‘ம்ம்ம்’ என்று இடைவிடாது இரையும் ஓசை. வயரைப் பெருக்கியிலிருந்து கழற்றிய பின்னும் இரைச்சல் நிற்கவில்லையெனில் குற்றம் பெருக்கியினுள் உண்டு. கிற்றாரை ஏந்தியவாறு திரும்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால், அருகிலுள்ள குழல்விளக்கோ மின்மாற்றியோ காரணமாகும்; சிறிது விலகி நின்றால் போதும். தந்தியில் கைவைத்தவுடன் இரைச்சல் தணிந்தால் அது பெரும்பாலும் இயல்பே. இரண்டு கருவிகளை வெவ்வேறு சுவர்களிலிருந்து மின்னூட்டினால், இரண்டு வழியாகவும் நிலத்தோடு தொடர்பு ஏற்பட்டு இரைச்சல் பிறக்கும். எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து மின்னூட்டுவதே அதற்கு மருந்து.

இந்த இடத்திலேதான் பெருந்தவறு நேர்கிறது. கலைவிழாவுக்கு முதல்நாள் மாலை. ஒத்திகை தொடங்கிவிட்டது, இரைச்சல் நிற்கவில்லை, அதிபரும் விருந்தினரும் மறுநாள் வந்துவிடுவர். அப்போது கெட்டிக்காரன் ஒருவன் முன்வந்து, செருகியைத் திறந்து ‘எர்த்’ எனப்படும் புவித்தொடுப்பு வயரைக் கழற்றி விடுகிறான். இரைச்சல் நின்றுவிடுகிறது. எல்லோரும் அவனைப் பாராட்டுகின்றனர். அவன் நிறுத்தியது இரைச்சலை மட்டுமன்று, காவலையும் நிறுத்திவிட்டான்.

காரணம் எளிது. கிற்றாரின் உலோகத் தந்திகள் வயர் வழியாகப் பெருக்கியின் இரும்புச் சட்டத்தோடு தொடர்புற்றிருக்கின்றன. பெருக்கியினுள் காப்புறை கிழிந்து மின்சாரம் சட்டத்தில் ஏறினால், புவித்தொடுப்பு அதை நிலத்துக்கு இட்டுச் சென்று உருகியை எரித்துவிடும். புவித்தொடுப்பு இல்லையெனில் அம்மின்சாரம் தந்தியிலேயே காத்திருக்கும். இடக்கையால் தந்தியைப் பற்றியவாறு பாடகன் ஒலிவாங்கியில் உதட்டை வைக்கின்றான். ஒலிவாங்கியோ நிலத்தோடு தொடர்புடையது. கையிலிருந்து உதட்டுக்கு மின்சாரம் செல்லும் வழி அவன் நெஞ்சினூடாகவே அமைகின்றது. குறையுள்ள புவித்தொடுப்பின் கொடுமையை உலகம் கண்டிருக்கிறது. 1972ஆம் ஆண்டு மே மாதம் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்னும் கிற்றார்க் கலைஞர் மேடையிலே ஒலிவாங்கியைத் தொட்டு மின்சாரம் தாக்கி உயிர்நீத்தார். 1976ஆம் ஆண்டில் ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் பாடகராயிருந்த கீத் ரெல்ப், தமது வீட்டிலே கிற்றார் வாசித்துக்கொண்டிருக்கையில் அவ்வாறே மாண்டார்.

ஆகவே, மேடை அமைப்போர் சில நியமங்களைக் கடைப்பிடித்தல் வேண்டும். மூன்று முனைச் செருகியின் மூன்று முனைகளும் வேலை செய்யவேண்டும். பழைய கட்டடங்களில் புவித்தொடுப்புத் துளை சுவரில் இருந்தும் அதன் பின்னே வயர் இல்லாதிருக்கலாம். மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு சோதித்துக்கொள்ளுதல் நன்று. மேடைக்கு வரும் மின்சாரம், ‘ட்ரிப் சுவிச்’ என்று வழங்கும் காவல் ஆளியூடாக வருதல் வேண்டும். போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் இடையே 30 மில்லி அம்பியர் வேறுபாடு தோன்றினால், கண்ணிமைக்கும் நேரத்தில் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை விழாவுக்கு முன்னர் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். இரைச்சல் நீங்காவிடின், கிற்றாரின் ஒலியைப் பொதுப் பெருக்கிக்குக் கொடுக்கும் ‘டி.ஐ. பெட்டி’ என்னும் சிறு கருவியை இடையில் வைத்து, ஒலி வயரின் நிலத்தொடர்பை மாத்திரம் துண்டிக்கலாம். மின்செருகியின் நிலத்தொடர்பை எக்காரணம் கொண்டும் துண்டித்தலாகாது.

ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் கண்டியின் மாலை வேளைகள் இடியும் மழையுமாக இருப்பதை எல்லோரும் அறிவர். பந்தல் ஒழுகத் தொடங்கினால் பாட்டை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, செருகிகளைக் கழற்றிவிடவேண்டும். ஈர நிலத்தில் வெறுங்காலோடு நின்று மின்கிற்றார் வாசிப்பது வீரமன்று. உதட்டிலோ விரலிலோ சிறு சுரீரென்ற உணர்வு தோன்றினாலும், ‘பழகிவிட்டது’ என்று விட்டுவிடாமல் அங்கேயே நிறுத்திக் காரணம் காணவேண்டும். அது பெருந்தீங்கு வருமுன் வந்து கதவைத் தட்டும் எச்சரிக்கை.

பிள்ளைகளுடைய இசையார்வத்தைத் தடுப்பது இதன் கருத்தன்று. பெரிய பெருக்கியும் விலையுயர்ந்த கிற்றாரும் இல்லாமலே நல்ல இசை பிறக்கும். இரைச்சல் சிறிது இருந்தாலும் பாட்டு நடக்கும். ஆனால், செருகியிலிருந்து கழற்றப்பட்ட பச்சையும் மஞ்சளுமான அந்த ஒரு வயரை மீண்டும் மாட்டாமல் எந்த மேடையிலும் எந்தப் பிள்ளையும் ஏறுதல் கூடாது. விழா மேடையில் மங்கல விளக்கை ஏற்றுவதற்கு முன், பொறுப்புள்ள ஒருவர் அந்தச் செருகிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவருவாராயின், அன்றைய நிகழ்ச்சிக்கு அதனினும் சிறந்த தொடக்கம் வேறில்லை.