நம் கடிதங்கள் யார் கஸ்டடியில்?

(ஒக்கலிபுரத்தில் நடந்த நமது சங்க அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கம்ப்யூட்டர் விஷயமாக ஏதாவது பேசுங்கள், ஆனால் எல்லோருக்கும் புரியவேண்டும்" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். அதனால் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

குஜராத்தில் வாடினார் என்ற இடத்தில் நயாரா எனர்ஜி என்ற கம்பெனியின் ஆலை இருக்கிறது. வருஷத்துக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் சக்தி வாய்ந்தது. அதில் ஏறக்குறைய பாதிப் பங்கு ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் கையில் இருப்பதால், 2025 ஜூலை 18-ஆம் தேதி ஐரோப்பிய யூனியன் அதன்மீது தடை விதித்தது. அந்தத் தடை இந்தியாவில் சட்டம் அல்ல. நம் அரசாங்கமும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கிய ஈமெயிலை ஊழியர்களால் திறக்க முடியவில்லை. ஆலை இங்கே, ஊழியர்கள் இங்கே, சாவி மட்டும் வேறு தேசத்தில்! கம்பெனி டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனது. இதற்கிடையில் நம் ஊர் ரீடிஃப் மெயிலை வைத்துச் சமாளித்தார்கள். ஜூலை 30 வாக்கில் சேவை திரும்பியது.

"அது பெரிய கம்பெனி சமாசாரம், நமக்கென்ன?" என்று கேட்கலாம். சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. ஃபைல் யார் கஸ்டடியில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. நம்முடைய பென்ஷன் காகிதங்கள், பேரன் பேத்தி போட்டோக்கள், ஷஷ்டியப்தபூர்த்தி வீடியோ எல்லாம் இன்று யாருடைய ரெக்கார்டு ரூமில் இருக்கின்றன? எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, பெயர் வேண்டாம், கணக்கு ஒரு நாள் பூட்டிக்கொண்டது. பழைய போன் நம்பரை மாற்றியிருந்தார். அந்த நம்பருக்குத்தான் ஓ.டி.பி. போகும் என்றது மிஷின். மனுஷர் யாரிடமாவது பேசலாம் என்றால் பேச ஆளே கிடையாது. பதினோரு வருஷக் கடிதங்கள் போனது போனதுதான்.

ஆகவே மாற்று வழிகளைப் பார்ப்போம். சுலபமானதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

நம்மில் பலர் வீட்டில் விண்டோஸ் 10 போட்ட கம்ப்யூட்டர் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கேட்டுப் பதிவுசெய்தவர்களுக்கு மட்டும் ஒரு வருஷம் நீட்டிப்பு என்றார்கள். விண்டோஸ் 11 வேண்டுமானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல் சிப்பாவது இருக்கவேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மிஷினைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதா? லினக்ஸ் மின்ட் என்று ஒன்று இருக்கிறது. 4 ஜிபி நினைவகம் இருந்தால் போதும். விலை கிடையாது. கூடவே வரும் லிப்ரே ஆபீஸில் வேர்டு, எக்ஸெல் ஃபைல்கள் திறக்கும். தமிழ் 99 விசைப்பலகையிலும் அடிக்கலாம். இது புதுமையும் அல்ல. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோதே, சுமார் 2007-இல், சூசே லினக்ஸுக்கு மாறியது. கேரளப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பல வருஷங்களாக இதில்தான் கற்கிறார்கள். சில பழைய பிரிண்டர்கள் மட்டும் தகராறு பண்ணும். அதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு என் வீட்டு வாசலில் நிற்பீர்கள்.

அடுத்து ஈமெயில். ஈமெயில் தபால் மாதிரி. எந்த ஆபீசில் போட்டாலும் எந்த ஆபீசுக்கும் போய்ச்சேரும். அதன் விதிமுறை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. ஆகவே ஜிமெயிலை விட்டு ஸோஹோ மெயிலுக்கோ வேறொன்றுக்கோ போனாலும் எல்லோரோடும் பேசலாம். மத்திய அரசு செய்ததைப் பாருங்கள். சுமார் 12 லட்சம் ஊழியர்களின் ஈமெயிலை ஸோஹோ நிறுவனத்தின் ஏற்பாட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலிருந்து வேலை பார்க்கும் ஸ்ரீதர் வேம்புவின் கம்பெனிதான். ஆனால் ஒருவருடைய முகவரியும் மாறவில்லை. காரணம், "ஜிஓவி டாட் இன்" என்ற பெயர் அரசாங்கத்தின் சொந்தப் பெயர். வேலைக்காரரை மாற்றலாம், வீட்டு விலாசம் மாறாது. நம் சங்கமும் சொந்தப் பெயர் ஒன்றைப் பதிவு செய்துகொண்டால், வருஷத்துக்குச் சில நூறு முதல் ஆயிரம் ரூபாய் வரைதான் ஆகும், நாளைக்கு எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் பல ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களுக்குப் புது விலாசம் அனுப்பவேண்டியதில்லை. இதைச் செயற்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

வாட்ஸ்அப்தான் கஷ்டமான கேஸ். 2011 ஜனவரியிலிருந்து தேசம் முழுக்க நம்பரை மாற்றாமல் போன் கம்பெனியை மாற்ற முடிகிறது. ஏர்டெல்காரர் ஜியோகாரரோடு பேசுகிறார். ஆனால் வாட்ஸ்அப்பை விட்டு வெளியேறினால் அங்கிருக்கும் மாமா, அத்தை, சம்பந்தி எல்லோரையும் விட்டுத்தான் வரவேண்டும். நல்ல சாஃப்ட்வேர் எது என்பதல்ல பிரச்சினை. எல்லோரும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே பிரச்சினை. 2021-இல் அவர்கள் நிபந்தனையை மாற்றியபோது எவ்வளவு சத்தம் போட்டோம்! அதற்காகப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம்கூட விதித்தது. நாம் எல்லோரும் அங்கேயேதான் இருக்கிறோம்.

சுதேசி என்பதாலேயே ஒன்று நிலைத்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். நம் பெங்களூரிலேயே 2020-இல் ட்விட்டருக்கு மாற்றாகக் "கூ" பிறந்தது. மஞ்சள் குருவிச் சின்னம், ஞாபகம் இருக்கும். கன்னடம், தமிழ் எல்லாவற்றிலும் எழுதலாம். மந்திரிகளே சேர்ந்தார்கள். 2024 ஜூலையில் பணம் இல்லாமல் மூடிவிட்டார்கள். ஸோஹோவின் அரட்டை 2021-லேயே வந்தது. 2025 செப்டம்பரில்தான் ஜனங்கள் கண்ணில் பட்டது. தினம் 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்று நாளில் 3,50,000 பேர் என்று வேம்புவே தெரிவித்தார். ஆனால் அப்போது அதில் எழுத்துச் செய்திகளுக்கு முழு மறைகுறிப் பாதுகாப்பு இருக்கவில்லை, பிற்பாடுதான் கொண்டுவந்தார்கள். என் சொந்த அபிப்பிராயம் சிக்னல் பக்கம். லாபநோக்கற்ற அறக்கட்டளை நடத்துகிறது. வாட்ஸ்அப்பை நிறுவிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டனே அங்கிருந்து விலகி, 2018-இல் 5 கோடி டாலர் கொடுத்து அதை ஆரம்பிக்க உதவினார். வாட்ஸ்அப்பில் இருக்கும் பூட்டும் சிக்னல்காரர்கள் செய்த பூட்டுதான். வித்தியாசம் என்னவென்றால், யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற குறிப்பைச் சிக்னல் அநேகமாக வைத்துக்கொள்வதே இல்லை.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும்போது வாட்ஸ்அப்பை அழித்துவிடச் சொல்லமாட்டேன். குடும்பத்துக்குள் நாலு பேர் மட்டும் முதலில் சிக்னலுக்குப் போங்கள். குட்மார்னிங் படங்கள் பழைய இடத்திலேயே இருக்கட்டும். பணம் அனுப்ப கூகுள் பே, போன்பே போலவே நம் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பீம் ஆப் 2016 டிசம்பரிலிருந்து இருக்கிறது. மூன்றும் ஒரே யு.பி.ஐ. என்பதால் எதிலிருந்து எதற்கும் பணம் போகும்.

கடைசியாக, மாறுகிறவர், மாறாதவர் இருவருக்கும் பொதுவானது. இரண்டு வருஷம் திறக்காத தனிநபர் கணக்கைக் கூகுள் அழிக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து இந்த விதி அமலில் இருக்கிறது. நமக்குப் பின் பிள்ளைகளுக்கு அந்தக் கடிதங்களும் படங்களும் போய்ச்சேர, கணக்கின் செட்டிங்ஸில் வாரிசை இப்போதே குறிப்பிடலாம். பாங்கு நாமினேஷன் மாதிரியே. மொத்தத்தையும் "டேக்அவுட்" என்ற வசதி மூலம் இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கவும் முடியும். காபிக்குப் பிறகு மேடைக்குப் பக்கத்து அறையில் ஒரு லினக்ஸ் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். போனும், பாஸ்வேர்டு எழுதிய டைரியும் கொண்டுவந்திருப்பவர்கள் வரலாம். டைரியை மட்டும் என்னிடம் காட்டவேண்டாம்.