வேண்டியது குருவல்ல
(சேவூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவிகித இடம் 2020-ல் ஏற்பட்டது. இவ்வூர் பனியன் தொழிலாளி மகளும் டாக்டராகலாம், சரி. ஆனால் அவள் ஆராய்ச்சி செய்யப் புகுந்தால், யோசனை சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்?

1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது, வாலஸ் பாக்ஸ் என்னும் பிரிட்டிஷ் டாக்டர் நம் டாக்டர்களுடன் கூடவே இருந்து வழிகாட்டினார். சானடோரியத்தில் படுத்தால்தான் குணமாகும் என்று பெரியவர்கள் சொன்னதை அவர்கள் அப்படியே நம்பிவிட்டார்களா? இல்லை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிப் பார்த்து, வீட்டிலிருந்து மருந்துண்டவர்களும் ஏறக்குறைய அதேயளவு குணமடைவதை 1959-ல் மெய்ப்பித்தார்கள்.

ஆகவே நாம் கேட்பது காலில் விழுவதற்கொரு குருவை அல்ல. "நீங்கள் சொல்வது தப்பு" என்று மாணவி சொன்னால், கோபியாமல், "கணக்கைக் காட்டு" என்று கேட்கும் ஆசிரியரையே கேட்கிறோம். அப்படிப்பட்ட ஒருவரை அவளுக்கு ஏற்படுத்தித் தருவது கல்லூரியின் தயவல்ல, கடமையேயாகும்.