பிழையும் அதன் பலனும்
(வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிழை விட்டுத்தான் மனிதன் படிக்கிறான் என்று எல்லோரும் சொல்கிறோம். தோட்டத்தில் பிறந்த நமக்கு அது புதிதல்ல. கவ்வாத்துக் கத்தியை முதன்முதல் பிடிக்கும் பையன் கிளையைப் பிளந்துவிடுவான். பக்கத்து நிரைப் பெரியவர் கத்தியைச் சாய்த்துப் பிடிக்கக் காட்டுவார். அடுத்த வெட்டு சரியாக விழும். பிழை விட்டவனே கண்டான், அவனே திருத்திக்கொண்டான். ஆனால், பிழை ஒருவருடையதும் பலன் இன்னொருவருடையதுமானால் யார் படிப்பது? அதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

நமது ஊவாவில் இதற்குப் பெரிய சரித்திரமே உண்டு. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருக்கக் கண்டார்கள். அது ஒருவகைப் பூஞ்சண நோய். துரைமாரிற் பலர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. கோப்பிக்கு நல்ல விலை இருந்த காலம் அல்லவா! காட்டை அழித்து மேலும் மேலும் நட்டார்கள். 1880இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி, நோயின் வித்துகள் காற்றிற் பரவுகின்றன என்றும், இடையிலே காடு விடாமல் மலை மலையாக ஒரே பயிரை நட்டதே அதற்கு வழிவிட்டது என்றும் எடுத்துரைத்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த நூற்றாண்டு முடியுமுன் கோப்பித் தொழில் படுத்தது.

துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். கோப்பிப் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பிய நம் முன்னோர், வருடம் முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டிய தேயிலைக்காகக் குடும்பத்தோடு லயங்களில் தங்கினார்கள். ஆனால் படித்தது பாதிப் பாடந்தான். பயிர் மாறியது, ஒரே பயிர் என்ற வழக்கம் மாறவில்லை. புல்லைத் துப்புரவாகச் சுரண்டிய மலைகளில் மண் மழையோடு ஓடியது. பிற்காலத்தில் கான் வெட்டினார்கள், மறுநடுகைக்கு முன் குவாத்தமாலாப் புல் வளர்த்தார்கள். அதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. சனங்கள் சொல்லைக் கேட்கவில்லை என்று குற்றம் சொல்வது சுலபம். சொந்தக் காணி ஒரு பேர்ச் கூட இல்லாதவன் பெண்டு பிள்ளைகளோடு எங்கே போவான்? எச்சரிக்கைக் கடிதத்தோடு மாற்று இடமும் வந்திருக்கவேண்டும்.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவும், 100 ஆனால் ஆயத்தமாகவும், 150 ஆனால் வெளியேறவும் வேண்டுமென்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. நிலத்தில் புது வெடிப்புக் கண்டாலும், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலும் மழைக்கணக்குப் பார்த்து நிற்கக்கூடாது. வருகிற ஐப்பசிக்கு முன், ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு வாலிபர் தினமும் மழையை அளந்து எழுதிவைக்க முன்வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். வீட்டுக் காணி கேட்டு அனுப்பும் மனுவில் அந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்புவோம்.