மிதிவண்டிப் பயணம் கற்பித்த பாடம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சங்கத்தின் 25 ஆண்டுக்கால வளர்ச்சியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். வரவு செலவையும் மாணவர் தொகையையும் செயலாளர் தமது அறிக்கையில் விளக்கமாகச் சொல்லிவிட்டார். ஆகவே நாம் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறோம். அது விழுப்புரத்திலிருந்து சிதம்பரம் வரை நாங்கள் மிதிவண்டியில் சென்ற நாள்.

அந்தப் பயணம் எதற்காக என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் பிள்ளைகள் பலர் பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகத் தேறுகிறார்கள். கல்லூரியில் இடமும் கிடைக்கிறது. ஆனால் அரசின் உதவித்தொகை கைக்கு வந்து சேரும் முன்னரே கட்ட வேண்டிய பணமும், வாங்க வேண்டிய புத்தகமும், பேருந்துக் கட்டணமும் வாசலில் வந்து நிற்கின்றன. அந்த முதல் மாதத்தைக் கடக்க முடியாமல் படிப்பை விட்டுக் கொத்து வேலைக்குப் போன பிள்ளைகளை நாம் அறிவோம். அந்த முதல் மாதத்திற்காக ஒரு நிதி வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது.

வெளியாரிடம் கையேந்த வேண்டாம் என்றார்கள் இளைஞர்கள். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நம் தெருக்களுக்கே சென்றார்கள். தாம் ஓட்டும் ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் இத்தனை ரூபாய் என்று எழுதி வாங்கினார்கள். சித்தாள் வேலை செய்யும் தாய் ஒருவர் கிலோ மீட்டருக்கு இரண்டு ரூபாய் என்று கைநாட்டு வைத்தார். துப்புரவுப் பணியாளர்களும் செங்கற்சூளைத் தொழிலாளர்களும் எழுதினார்கள். தருமம் என்றால் பெறுவதற்கு மட்டுமே நாம் உரியவர்கள் என்று நெடுங்காலம் நம்மை எண்ண வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்பேடுகளில் நாம் கொடுப்பவர்களாக இருந்தோம்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டோம். மொத்தம் 23 பேர். அவர்களுள் மாணவியர் அறுவர். ஐம்பதைக் கடந்தவர்கள் நாங்கள் நால்வர். மாணவியர் ஓட்டியவை பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய மிதிவண்டிகள். இந்த இலவச மிதிவண்டித் திட்டம் 2001ஆம் ஆண்டு தொடங்கியபோது, ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென்றே தொடங்கப்பட்டது என்பதை இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

மெதுவாக ஓட்டுபவர்கள் முன்னே, வேகமாக ஓட்டுபவர்கள் பின்னே என்பது எங்கள் ஒழுங்கு. வல்லவன் முன்னே போய்விட்டால் மெலிந்தவன் தனித்து நிற்பான். மெலிந்தவன் முன்னே சென்றால் எல்லோரும் சேர்ந்தே போவார்கள். ஒரு சங்கம் நடக்க வேண்டிய முறையும் அதுதான்.

பண்ருட்டியை அடைவதற்குள் இரண்டு வண்டிகள் பஞ்சர் ஆயின. ஒட்டுப்போடும் கலையை ஒரு மாணவிதான் எல்லோருக்கும் கற்றுக் கொடுத்தாள். பண்ருட்டிக்கு அப்பால் முந்திரி பூத்திருந்த தோப்புகளைக் கடந்து, நெய்வேலி வழியாக, நண்பகலுக்குச் சற்று முன்னதாக வடலூர் சேர்ந்தோம். வள்ளலார் 1867ஆம் ஆண்டு தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே சாதி கேட்பாரில்லை. வரிசையில் அமர்ந்து வயிறார உண்டோம்.

வடலூருக்கும் புவனகிரிக்கும் இடையில் ஓர் ஊர். அதன் பெயர் தேவையில்லை. சாலை ஊருக்குள் நுழையும் இடத்தில் ஓர் ஆலமரம். அதை அடுத்து ஒரு கோவில். அதன்பின் இருபுறமும் திண்ணை வைத்த வீடுகள். மாணவர்கள் பேசிக்கொண்டே அந்தத் தெருவுக்குள் சென்றுவிட்டார்கள். சற்றுத் தொலைவு சென்று திரும்பிப் பார்த்தால், பெரியவர்கள் நால்வரையும் காணோம்.

நாங்கள் ஆலமரத்தடியில் வண்டியை விட்டு இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் எங்களை இறங்கச் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தும் இறங்கவில்லை. எப்போது இறங்கினோம் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு மாணவி திரும்பி வந்தாள். "ஏன் தாத்தா இறங்கிட்டீங்க? காத்து இறங்கிடுச்சா?" என்று எங்களுள் மூத்தவரைக் கேட்டாள். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சட்டம் எப்பவோ வந்துடுச்சும்மா. என் காலுக்குத்தான் இன்னும் சேதி வரல்லே" என்றார்.

இளைஞர்களே, உங்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். எங்கள் இளமையில் எங்கள் ஊரில் நம்மவர் மிதிவண்டி வைத்திருக்கலாம். ஆனால் ஊர்த்தெருவில் ஏறிச் செல்லக் கூடாது. தெருவின் இந்த முனையில் இறங்கி, அந்த முனைவரை தள்ளிக்கொண்டே போக வேண்டும். இல்லையேல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்குச் சென்ற நாங்கள் ஏரிக்கரையைச் சுற்றியே சென்றோம். அதனால் முதல் மணி அடித்த பிறகே பள்ளி சேர்ந்தோம். வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டோம். ஏன் தாமதம் என்று கேட்டவர் ஒருவருமில்லை. தாமதமாக வரும் ஒரு பிள்ளையை எம் பள்ளியில் இன்று காண நேர்ந்தால், தண்டிக்கும் முன் "எந்த வழியாக வருகிறாய்?" என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்வி ஏரிக்கரையில் பிறந்தது.

சாலையின் உரிமை நமக்கு எளிதில் வந்ததன்று. 1893ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். அன்று அது பெருந்துணிச்சல். 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எவர்க்கும் பொது என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு சாலைகளை எல்லோர்க்கும் உரியவை ஆக்கியது. இத்தனைக்குப் பிறகும் எங்கள் கால்கள் தாமாகவே இறங்கின. அச்சத்தைச் சட்டம் ஒரே நாளில் அகற்றுவதில்லை. அதை நாமே முயன்று அகற்ற வேண்டியிருக்கிறது.

அந்த மாணவி வேறொன்றும் கேட்கவில்லை. தன் வண்டியைத் திருப்பி, "நீங்க முன்னாலே போங்க தாத்தா" என்றாள். மெலிந்தவன் முன்னே என்ற எங்கள் ஒழுங்கை அவள் மறக்கவில்லை. நாங்கள் நால்வரும் ஏறினோம். பத்தொன்பது பேர் பின்னே வந்தார்கள். தெரு நீளமானதன்று, மணியடித்துக்கொண்டு மெதுவாகவே சென்றோம். திண்ணையில் இருந்த ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேநீர்க் கடைக்காரர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு, காரணம் அறிந்து, இருபது ரூபாய் கொடுத்தார். மற்றவர்கள் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் தெருவின் மறுமுனையில் மூத்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் யாரும் அவரைப் பார்க்காததுபோல் இருந்தோம்.

பிற்பகலில் கடற்காற்று எதிர்த்து வீசியது. புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது கால்கள் கெஞ்சின. அந்தி சாயும் நேரத்தில் சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டு தொடங்கிய நந்தனார் கல்விக்கூடத்தின் முன் வண்டிகளை நிறுத்தினோம். தில்லையின் எல்லையில் உள்ளே செல்லத் தயங்கி நின்றவர் நந்தனார் என்று பெரியபுராணம் சொல்கிறது. எல்லையில் நின்றவரின் பெயரால் ஊருக்குள் ஒரு பள்ளியை எழுப்பினார் சகஜானந்தர். அந்த வாசலில் நின்றபோது, காலையில் ஆலமரத்தடிவரை வந்ததைவிட, அந்த ஒரு தெருவைக் கடந்ததே நெடும்பயணம் என்று எங்களுக்குத் தோன்றியது.

அந்நாளில் சேர்ந்த தொகை 62,450 ரூபாய். கணக்கு சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது, எவரும் பார்க்கலாம். அதைக்கொண்டு 11 பிள்ளைகள் கல்லூரியின் முதல் மாதத்தைக் கடந்திருக்கிறார்கள்.

இளைஞர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இரண்டே. அடுத்த மாசியிலும் இப்பயணம் உண்டு. குறிப்பேடுகளை இன்றே பெற்றுக்கொள்ளுங்கள். மற்றொன்று: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்கேனும் காரணமின்றி இறங்கி நின்றால், நகைக்காதீர்கள்; கடந்து போய்விடவும் செய்யாதீர்கள். திரும்பி வந்து, அவர்களை முன்னே போகச் சொல்லுங்கள்.