சூடு பண்ணினா சரக்கு ஜூஸ் ஆயிடுமா? வீட்டுல க்ளூவைன்

டிசம்பர்ல ஜெர்மனியில சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும். கிறிஸ்துமஸ் சந்தைகள்ல, ஆவி பறக்கிற கப்பைக் கையில பிடிச்சுட்டு நிக்கிற கூட்டத்தை போட்டோல பார்த்திருப்பீங்க. அந்தக் கப்புல பெரும்பாலும் இருக்கிறது க்ளூவைன். மசாலா போட்டு சூடாக்கின ஒயின். குளிர்காலத்துல அங்க வீட்டுலயும் இதைச் செய்வாங்க.

செய்முறை ரொம்ப சிம்பிள். 750 மில்லி ரெட் ஒயின் ஒரு பாட்டில். அதிகம் இனிப்பு இல்லாத டோர்ன்ஃபெல்டர் மாதிரி ஒண்ணு போதும், விலை உயர்ந்தது வேண்டாம். ரெண்டு துண்டு பட்டை, நாலஞ்சு கிராம்பு, ஒரு அன்னாசிப்பூ, நல்லா கழுவி வட்டமா நறுக்கின ஒரு ஆரஞ்சு, ரெண்டு மூணு ஸ்பூன் சர்க்கரை. எல்லாத்தையும் பாத்திரத்துல போட்டு சிறு தீயில வைங்க. ஆவி வரணும், ஆனா கொதி வரக்கூடாது. 70 டிகிரி பக்கம் வந்ததும் அடுப்பை அணைச்சு, மூடி போட்டு அரை மணி நேரம் விடுங்க. அப்புறம் வடிகட்டி, திரும்ப லேசா சூடு பண்ணி ஊத்துங்க. கொதிச்சா வாசனை போயிடும், கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் கசப்பை இறக்கிடும்.

இப்போ முக்கியமான விஷயம். "சூடு பண்ணினா ஆல்கஹால் போயிடும், இது ஜூஸ் மாதிரிதான்"னு நிறைய பேர் சொல்லுவாங்க. அது தப்பு. தனி ஆல்கஹால் 78 டிகிரியில கொதிக்கும், உண்மைதான். ஆனா ஒயின்ல அது தண்ணியோட கலந்திருக்கு. 78ஐத் தொட்டதும் மொத்தமா பறந்துடாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும். நாம 70லயே நிறுத்தி மூடியும் போட்டுடறோம். அப்போ பெரும்பகுதி பாத்திரத்துலயேதான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 சதவீத ஒயின்ல 200 மில்லி கப்புன்னா 24 மில்லி ஆல்கஹால். 5 சதவீத பீர் அரை லிட்டர்ல 25 மில்லி. கிட்டத்தட்ட சமம். ஆனா இனிப்பும் சூடும் சேர்ந்து அதை மறைச்சிடும். ரெண்டு கப் சும்மா இறங்கிடும். ஐரோப்பிய யூனியன் விதிப்படியே, க்ளூவைன்னு பேர் போட்டு விக்கணும்னா குறைஞ்சது 7 சதவீதம் ஆல்கஹால் இருக்கணும்.

அதனால, வீட்டுக்கு வர்றவங்ககிட்ட "இதுல ஒண்ணும் இல்ல, குடி"ன்னு நீட்டாதீங்க. குடிக்காதவங்க இருப்பாங்க, மாத்திரை சாப்பிடுறவங்க இருப்பாங்க, கர்ப்பமா இருக்கிறதை இன்னும் யார்கிட்டயும் சொல்லாதவங்க இருப்பாங்க. வண்டி எடுத்துட்டு வந்தவங்களும் இருப்பாங்க. ஜெர்மனியில 21 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களும் புதுசா லைசன்ஸ் வாங்கினவங்களும் குடிச்சுட்டு வண்டியைத் தொடவே கூடாது. என்ன குடிக்கிறோம்னு தெரிஞ்சாத்தானே வேணாம்னு சொல்ல முடியும்?

இதுக்கு ஜெர்மன்காரங்களே ஒரு வழி வெச்சிருக்காங்க: கிண்டர்புன்ஷ். அதாவது குழந்தைகளுக்கான பஞ்ச். ஒயினுக்குப் பதிலா திராட்சை ஜூஸும் ஆப்பிள் ஜூஸும், கூட கொஞ்சம் செம்பருத்தி டீ. மசாலா அதேதான். பக்கத்து அடுப்புல இதையும் வைங்க. ரெண்டு பாத்திரத்துலயும் பேர் எழுதி ஒட்டிடுங்க, ஏன்னா நிறமும் வாசனையும் ஒண்ணு போலவே இருக்கும்.

அவ்ளோதான் மக்களே. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.